எள்ளளவு நத்தை

"அந்தத் தட்டைத் தொடாத!"

ஷிசுவே போட்ட சத்தத்தில் சமையலறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று முற்பகலிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. மருத்துவர் வந்து உதட்டைப் பிதுக்கியபோதும், பெரிய தீவிலிருந்து சவப்பெட்டி படகில் வந்து இறங்கியபோதும், ஊரே வரிசையில் வந்து ஊதுபத்தி வைத்துக் கும்பிட்டபோதும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவள், இப்போது பெட்டியின் பக்கத்திலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

பக்கத்து வீட்டுக் கிக்குயேயின் கையில் வெள்ளை எனாமல் தட்டு. அது பாதி சாய்ந்து, ஓரத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"தண்ணி நாறுதுக்கா. பாசி வேற அழுக ஆரம்பிச்சிருச்சு. கழுவி டோஃபு வெட்டி வைக்கலாம்னு பாத்தேன். உங்க டோஃபுத் தட்டுதானே இது?"

"நாறட்டும். நாறணும்னுதான் வெச்சிருக்கு. எடுத்த இடத்துலயே வை. மெதுவா. நிழல்ல."

கிக்குயே மற்றப் பெண்களைப் பார்த்தாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். தட்டைக் கொண்டுபோய்ப் பின்வாசல் படியோரத்தில் வைத்தாள். சாவு விழுந்த வீட்டில் வீட்டுக்காரி அடுப்பங்கரைப் பக்கம் போகக்கூடாது என்பது ஷிராமாத் தீவின் வழக்கம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சமையலறையை எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பாத்திரம் எதற்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்ல முடியாது, கேட்கவும் முடியாது. நல்ல மனதோடுதான் செய்வார்கள். அதனாலேயே கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

அது டோஃபுத் தட்டுதான், சோயாப் பால்கட்டியைக் கவிழ்த்து வைக்கிற தட்டு, ஒரு காலத்தில். ஷிசுவேயின் கணவர் செய்கென், இப்போது பெட்டியில் கிடப்பவர், அதை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் போனதில் அவர்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. வெள்ளைத் தரையில்தான் பச்சைப் பூச்சி கண்ணுக்குத் தெரியும் என்றார். பூச்சி இல்லை, நத்தை என்று அவரே திருத்திக்கொண்டார். ஓடில்லாத கடல் நத்தை, எள் அளவு, முதுகு முழுக்க இலை இலையாக. தின்ற பாசியின் பச்சையை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெயில் காயும். "எள்ளைத் தேடறதுக்கு எதுக்கு என் தட்டு? எள்ளு டப்பா அலமாரியில இருக்கு" என்று ஷிசுவே சொன்னது ஊர் முழுக்கப் பரவி, கொஞ்ச நாள் செய்கென்னை எல்லாரும் எள்ளுக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

தேடும் முறை சுலபமானது. நீர் வற்றும் நேரத்தில் பவளத் திட்டுக்குப் போய் விசிறிப் பாசியைப் பறித்து வந்து, கடல் தண்ணீர் ஊற்றிய தட்டில் போட்டு, மேலே நாளிதழை மூடி விட்டுவிட வேண்டும். தண்ணீர் மெல்லக் கெடும். உள்ளே ஒளிந்திருப்பதெல்லாம் காற்றைத் தேடித் தட்டின் விளிம்புக்கு ஏறும். "மூச்சு முட்டினா யாரா இருந்தாலும் வெளிய வந்துதான் ஆகணும்" என்பார் செய்கென். முழுதாக ஒரு பகலும் இரவும் போக வேண்டும்.

நேற்றுக் காலை அவர் அப்படித்தான் பாசியைப் போட்டு மூடிவிட்டு, ரப்பர் காலணியைக் கழற்றப் பின்படியில் உட்கார்ந்தார். ஒன்றைக் கழற்றினார். தேநீர் ஆறுகிறது என்று உள்ளேயிருந்து ஷிசுவே கூப்பிட்டாள். பதில் இல்லை. காது கேட்காத மாதிரி இருப்பது அவருக்கு வழக்கம் என்பதால் திட்டிக்கொண்டேதான் வந்தாள். மற்றக் காலணியை அவள்தான் கழற்ற வேண்டியிருந்தது. இரண்டும் இன்னும் படியிலேயே காய்ந்துகொண்டிருந்தன.

கூடத்தில் ஊர்த்தலைவர் மொரிஹிதே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷிராமாவில் சாவு என்றால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வாலிபத்திலிருந்து அந்த வேலையைச் செய்தவர் செய்கென். படகு வரும் நேரம், புயல் எச்சரிக்கை, பள்ளி விளையாட்டு விழா, சாவு எல்லாம் அவர் குரலில்தான் ஊருக்குத் தெரிந்தன. பிறகு மொரிஹிதே அந்த மைக்கைப் பிடித்தார். நேற்று செய்கென்னின் சாவைச் சொன்னபோது வயதில் ஒன்று கூட்டிச் சொல்லிவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க அண்ணி. பதட்டத்துல எழுபத்தெட்டுன்னு வாயில வந்துருச்சு. அண்ணன் கேட்டிருந்தா..."

"பெட்டிக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்து மைக்கைப் புடுங்கியிருப்பாரு" என்றாள் ஷிசுவே.

மொரிஹிதேக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "திருத்தி இன்னொரு தடவை சொல்லிரவா?"

"சொல்லிருங்க. இல்லாட்டி இவரு நிம்மதியாப் போக மாட்டாரு."

அன்றைய முதல் படகில் நாஹா நகரிலிருந்து டாக்டர் கக்காசு வந்தாள். பல்கலைக்கழகத்தில் கடல் நத்தைகளை ஆராய்பவள். கறுப்பு உடையில் உப்புக்காற்றின் ஈரம். பெட்டியின் முன் வெகுநேரம் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஷிசுவே அவளைப் பின்படிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் நாளிதழை விலக்கி, கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியால் விளிம்பைச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னும் ஏறலைம்மா. தண்ணி இப்பத்தான் கெட ஆரம்பிக்குது. படகு கிளம்பறதுக்குள்ள ஏறலாம்."

"ஏறினா?"

"இங்க இருக்குன்னு அடிச்சுச் சொல்லலாம். ஒண்ணே ஒண்ணுதானே கிடைச்சது இதுவரைக்கும்." அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இதைக் காட்டத்தான் அடுத்த வாரம் வர்றதா இருந்தேன். அச்சுக்குப் போற வரைபடம்."

பக்கத்தின் கீழே இந்தோனேசியா. அதற்கு மேலே பிலிப்பைன்ஸ் தீவுகள். அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். பிறகு நிறையக் கடல். உச்சியில், தனியாக, ஒரு புள்ளி.

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, அதுக்கு ஏற்கெனவே பேர் வெச்சாச்சு. அதுக்குத் தலையில கறுப்புக் கோடு இருக்கும். இதுக்குக் கோடு கிடையாது, மூணு வெள்ளைப் புள்ளி. பல்லும் வேற மாதிரி. வேறன்னு முதல்ல சொன்னது ஐயாதான். நான் நம்பவே இல்லை. அப்புறம் தெற்கேயிருந்தும் வந்துச்சு. இதுதான் வடக்கு எல்லை. இதுக்கு மேல எங்கயும் யாரும் பாக்கலை."

"இன்னிக்கு ஏறலைன்னா புள்ளியை எடுத்துருவீங்களா?"

"எதுக்கும்மா எடுக்கணும்? ஒண்ணு போதும். கிடைச்ச இடம் சரியா இருந்தாப் போதும்."

அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள் ஷிசுவே. செய்கென்னுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று டாக்டருக்குத் தெரியாது. ஊரில் சிலருக்குத்தான் தெரியும். துறைமுகத்தை ஆழப்படுத்த இயந்திரம் கொண்டு வந்து தோண்டியபோது, சேறு முழுவதும் பவளத் திட்டின் மேல் போய்ப் படிந்தது. வேலை முடிந்த அன்று, கடலுக்கு எந்தக் கேடும் இல்லை என்று தோண்டியவர்கள் எழுதிக் கொடுத்த தாளை ஒலிபெருக்கியில் படித்தவர் செய்கென். மறுநாள் நீர் வற்றியபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், சோற்றுக் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "என் வாயால பொய் சொல்ல வெச்சுட்டாங்க" என்றார். மைக்கை மொரிஹிதேயிடம் கொடுத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டார். சில வருடங்கள் கழித்து அந்த நத்தை கிடைத்த காலையில் முற்றத்தில் நின்று அவர் கத்திய கத்தல் கிக்குயே வீட்டு நாயை எழுப்பிவிட்டது. "உயிர் இருக்கு ஷிசுவே! நம்ம கடல்ல உயிர் இருக்கு!"

ஷிசுவேயின் தங்கை தோமி, பக்கத்துத் தீவான உபுனேயிலிருந்து அரிசி உருண்டைகளோடு வந்து சேர்ந்தாள். உபுனே இருவரும் பிறந்த தீவு. ஷிராமாவிலிருந்து பார்த்தால் தென்னை மரங்கள் தெரியும் தூரம். அந்தத் தீவை செய்கென் ஒரு நாளும் மதித்ததில்லை. மணலும் வம்பும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்பார். தோமி பெட்டியின் முன் குனிந்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். செய்கென் படத்துக்குப் பக்கத்தில், அன்று தட்டில் எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட நத்தையின் படம் இருந்தது.

"கண்ணுல புரை எடுத்தப்புறம் இப்பத்தான்க்கா இதைச் சரியாப் பாக்கறேன். இத்தனை நாளும் முட்டைக்கோசுன்னு நெனச்சேன்." எழுந்து கிட்டத்தில் போனாள். "அட! இது என் நூலாச்சே!"

"எது?"

"ஓரத்துல, கயிறு மாதிரி நீலமா. அவுரியில தோய்ச்ச வாழைநார்க்கா. இந்த முறுக்கு என் முறுக்கு. தறியில மிஞ்சினதை நான்தான் சேத்து வெச்சு எதையாவது கட்டுவேன்." அத்தானின் படத்தில் தன் நூல் ஏறிவிட்ட பெருமையில் அவள் முகம் மலர்ந்திருந்தது. "உனக்குச் சிப்பி கட்டிக் குடுக்கறப்போ பாசியைச் சுத்தி இதாலதானே கட்டுவேன்?"

வலைக் கயிற்றின் இழை என்றுதான் செய்கென் அதைச் சொல்லி வந்தார். ஷிசுவேயும் துடைக்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறாள்.

ஷிசுவேக்கு நத்தை கிடைத்ததற்கு முந்தின நாள் நினைவுக்கு வந்தது. பழைய நாள்காட்டியில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், பெண்கள் கடலில் கால் நனைக்கும் நாள். அந்த வருடம் ஷிராமாவின் கரையெல்லாம் சேறு என்று அவள் உபுனேக்குப் போயிருந்தாள். தோமி சிப்பிகளை ஈரம் காயாமல் உபுனேயின் விசிறிப் பாசியில் சுற்றி, நூலால் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து சிப்பியை உலையில் போட்டாள். பாசியை என்ன செய்வது? மனிதர் பாசி பாசி என்று அலைகிறாரே, இதுவும் கிடக்கட்டும் என்று அவர் தட்டில், அவர் பறித்து வந்திருந்த பாசியின் மேல் நூலோடு கொட்டினாள். சொல்வதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அவர் கத்தினார்.

"என்னக்கா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

மெல்லிய குரலில் ஷிசுவே சொன்னாள். தோமி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்தாள்.

"சும்மா இரு அக்கா. யாருக்குத் தெரியப் போகுது? நூல்ல என்ன ஊர்ப் பேரா எழுதியிருக்கு? அத்தான் நிம்மதியாப் போய்ச் சேரட்டும்."

ஷிசுவேக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு புள்ளி. யாருக்கு நட்டம்? இத்தனை வருடம் இடுப்பு வரை தண்ணீரில் நின்று அந்த மனிதர் தேடிக் கண்டெடுத்தது ஷிராமாவின் நத்தை இல்லை, உபுனேயுடையது என்று ஆகிவிட்டால், அன்று ஒலிபெருக்கியில் படித்தது படித்தபடி பொய்யாகவே நின்றுவிடும். அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டியில் கிடக்கிறவர் மீது அவளுக்குக் கோபம் கூட வந்தது. ஒரு நாள் முன்னால் தோமி வந்து இதைச் சொல்லியிருந்தால் அவரே கேட்டு, அவரே குதித்து, அவரே முடிவு செய்திருப்பார். இப்போது எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அப்போது தெருவில் ஒலிபெருக்கி கரகரத்தது. மொரிஹிதேயின் குரல். "நேற்றைய அறிவிப்பில் ஒரு திருத்தம். காலமான செய்கென் அவர்களின் வயது எழுபத்தேழு. எழுபத்தெட்டு அல்ல. எழுபத்தேழு."

ஷிசுவே எழுந்து பின்படிக்குப் போனாள்.

டாக்டர் தட்டின் முன் குந்தியிருந்தாள். ஷிசுவே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சிப்பி, பாசி, நூல். டாக்டர் பூதக்கண்ணாடியை இறக்கினாள். 

"ஏம்மா சொன்னீங்க?" என்றாள். குறையாகக் கேட்கவில்லை.

"அவரு கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரு. சொல்லிட்டு ஒரு வாரம் என்கூடப் பேசியிருக்க மாட்டாரு."

டாக்டர் தாளைப் பிரித்து முழங்காலில் வைத்தாள். "பாருங்க. இந்தோனேசியாவிலருந்து இங்க வரைக்கும் ஒரே தாள்ல போடணும்னா, புள்ளி இவ்வளவு பெருசாத்தான் இருக்கும். ஷிராமாவும் உபுனேயும் ரெண்டுமே இதுக்கு அடியிலதான் இருக்கு. புள்ளி நகராது. கட்டுரைக்குள்ள எழுதற ஊர்ப் பேரு மாறும்."

"உபுனேன்னா?"

"உபுனேன்னு."

ஷிசுவேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் போய்க் கண்ணில் நீர் முட்டியது. "இதுக்கே அவரு பெட்டியை விட்டு எந்திரிப்பாரு."

"இன்னொண்ணும்மா. இதுவரைக்கும் அந்த நத்தையோட பதிவுச் சீட்டுல கொண்டு வந்தவர், கண்டெடுத்தவர் ரெண்டுமே ஐயான்னுதான் இருக்கு. இனிமே கொண்டு வந்தவர்ங்கற இடத்துல உங்க பேரு வரணும். கண்டெடுத்தவர் ஐயாதான்."

"என் பேரு எதுக்கு? நான் சிப்பிதான் கொண்டு வந்தேன்."

"வரணும்மா. ஒரே சீட்டுல ரெண்டு பேரு பேரும் வரும்."

ஷிசுவே தட்டை நோக்கிக் கையைக் காட்டினாள். "இன்னிக்கு இதுல ஏறிட்டா?"

"ஏறிட்டா ஷிராமா ஷிராமாதான். நூலும் வேண்டாம், சிப்பியும் வேண்டாம்."

இருவரும் குனிந்தார்கள். பாசி கறுக்கத் தொடங்கியிருந்தது. விளிம்பில் எதுவோ நகர்ந்தது.  டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒரு புழு. அதன் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு குட்டி இறால். பிறகு இன்னொரு புழு. டாக்டர் நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தாள், திரும்ப ஒரு முறை பார்த்தாள், பாசியின் மடிப்புகளை விலக்கிப் பார்த்தாள்.

"அண்ணி!" மொரிஹிதே வாசலிலிருந்து கூப்பிட்டார். "தண்ணி வத்த ஆரம்பிச்சுருச்சு. இன்னும் தாமதிச்சா படகு தரை தட்டிரும்."

பெரிய தீவில்தான் தகனம். மகனும் விமானத்தில் நேராக அங்கேதான் வருகிறான். டாக்டர் நிமிர்ந்து மெல்லத் தலையை ஆட்டினாள். "இல்லைம்மா. ஆனா ஏறலைங்கறதால உள்ள இல்லைன்னு ஆகிடாது."

"நீங்க என்னன்னு எழுதுவீங்க?"

"உபுனேன்னு."

"எழுதுங்க" என்றாள் ஷிசுவே.

கூடத்தில் பெட்டியைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். பூக்களை ஆளுக்கொன்றாக அவர் மேல் வைத்தார்கள். அவருடைய பழைய பூதக்கண்ணாடியை வைக்கப் போன ஷிசுவேயை, பெட்டியோடு வந்திருந்த தகன நிலையத்து ஆள் பணிவாகத் தடுத்தான். கண்ணாடி உருகி எலும்பில் ஒட்டிக்கொள்ளும், வைக்கக்கூடாது என்றான். அவள் அதை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டாள். மூடியைத் தூக்கி வந்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் ஷிசுவே.

குனிந்து அவர் காதருகே வாயை வைத்தாள். காது கேட்காதவர் மாதிரி இருக்கிற மனிதரிடம் எப்போதும் பேசுகிற அதே குரல். பின்னால் நின்ற டாக்டருக்கும் தோமிக்கும் கேட்டது.

"ஏறிருச்சு. கேட்டுச்சா? நம்ம கடல்லதான். ஷிராமாவுலதான். மூணு வெள்ளைப் புள்ளி. டாக்டரம்மாவும் பாத்துட்டாங்க."

தோமி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நாற்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் ஷிசுவே அவரிடம் எத்தனையோ வாயடித்திருக்கிறாள், பொய் சொன்னதில்லை.

மூடி மூடப்பட்டது. பெட்டி வாசலைத் தாண்டியதும், கிக்குயே அவருடைய சோற்றுக் கிண்ணத்தைக் கல்லில் போட்டு உடைத்தாள். திரும்பி வர நினைத்தாலும் சாப்பிடக் கிண்ணம் இல்லை என்று போகிறவருக்குத் தெரிய வேண்டும். சில்லுகளைக் கூட்டிவிட்டு அவள் பின்படிப் பக்கம் போனாள். தட்டு அங்கே இல்லை.

அது ஷிசுவேயின் கையில் இருந்தது. நாளிதழ் மூடியபடியே அதைத் தூக்கிக்கொண்டு துறைமுகம் வரை நடந்தாள். தோமி வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது தரவில்லை. கறுப்பு உடையில் நாற்றத் தண்ணீர் சொட்டுவதை எல்லாரும் பார்த்தார்கள். படகில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

பவளத் திட்டின் விளிம்பை நெருங்கியதும் சுக்கானைப் பிடித்திருந்த மொரிஹிதேயைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க."

"இங்கயா அண்ணி? தண்ணி வத்துது..."

"இங்கதான் அவரு பறிப்பாரு."

மொரிஹிதே இயந்திரத்தை நிறுத்தினார். கீழே சேற்று நிறத்தில் திட்டு தெரிந்தது. ஷிசுவே நாளிதழை எடுத்தாள். பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. தட்டைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்தாள், பாசி நழுவி இறங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு டோஃபுவைக் கவிழ்த்த பின் செய்வதுபோல் அதைத் தலைகீழாகத் திருப்பி, உள்ளங்கையால் அடியில் தட்டினாள். ஒட்டியிருந்த கடைசி இலையும் விழுந்தது.

தட்டைக் கடல் தண்ணீரில் அலசித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போகலாம்" என்றாள்.